பாடசாலையில் உடற்பருமன் பரிசோதனை: திருகோணமலைக்கு எந்த வழி சரிவரும்?

எங்கள் பிள்ளைகள் படிக்கும் திருகோணமலை நகரப் பாடசாலை ஒன்றில் பழைய மாணவர் சங்கம் கொஞ்சம் பணம் சேர்த்து வைத்திருக்கிறது. வகுப்புகளில் வயதுக்கு மீறிப் பருத்த பிள்ளைகள் கண்ணில் படுகிறார்கள், எல்லோரையும் ஒருமுறை பரிசோதித்துப் பார்த்தால் என்ன என்று பேச்சு எழுந்தது. பெற்றோர் கூட்டத்தில் நாலு யோசனை வந்தது. தனியார் லாப் ஒன்றைக் கூப்பிட்டு எல்லாப் பிள்ளைகளுக்கும் இரத்தத்தில் சீனி, கொலஸ்ட்ரோல் பார்த்துவிடலாம் என்றார் ஒருவர். உடற்கல்வி ஆசிரியரே தவணைக்கு ஒருமுறை நிறையும் உயரமும் எடுத்து வீட்டுக்கு அறிக்கை அனுப்பட்டும் என்றார் இன்னொருவர். அரசாங்கத்தின் பாடசாலை மருத்துவப் பரிசோதனை இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று மூன்றாமவர் கேட்டார். கடைசியில் ஓர் அம்மா எழும்பி, அளக்கவே வேண்டாம், முதலில் கன்ரீனில் ரோல்ஸையும் சோடாவையும் நிறுத்துங்கள் என்றார். நாலு பேரிடமும் நியாயம் இருந்தது. ஆனால் பணம் எல்லாவற்றுக்கும் காணாது.

எதை எடுப்பது என்று யோசித்தபோது நான் வைத்துக்கொண்ட கேள்வி ஒன்றே ஒன்று. பரிசோதனையில் அகப்பட்ட பிள்ளையை அடுத்த கிழமை யாரிடம் அனுப்புவோம்? இதற்குப் பதில் இருக்கிற அளவுக்கு அளக்கலாம். பதில் இல்லாத இடத்தில் அளந்தால் பிள்ளைக்குப் பட்டப்பெயரும் தாய்க்குப் பயமும்தான் மிஞ்சும். 1968இல் உலக சுகாதார நிறுவனத்துக்காக வில்சன், யுங்னர் என்ற இருவர் எழுதிய பரிசோதனை விதிகளும் ஏறக்குறைய இதைத்தான் கேட்கின்றன: நோயைக் கண்டுபிடித்தால் கொடுப்பதற்கு ஒப்புக்கொண்ட சிகிச்சை இருக்கிறதா, அதைக் கொடுக்க இடம் இருக்கிறதா, பரிசோதனையைச் சனம் ஏற்றுக்கொள்ளுமா, ஒருநாள் கூத்தாக முடியாமல் தொடர்ந்து நடக்குமா?

ஏற்கெனவே நடப்பது

மூன்றாமவர் சொன்னதிலிருந்து தொடங்கலாம், ஏனென்றால் அப்படி ஒன்று நடப்பதே பல பெற்றோருக்குத் தெரியாது. சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்திலிருந்து, அதாவது நாம் எம்.ஓ.எச். ஒஃபிஸ் என்று சொல்லும் இடத்திலிருந்து, பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் வைத்தியரும் பாடசாலைக்கு வருவார்கள். 1, 4, 7, 10ஆம் தரப் பிள்ளைகளின் உயரம், நிறை, பார்வை எல்லாம் பார்த்து, குறை இருந்தால் கடிதம் கொடுத்து அனுப்புவார்கள். மொத்தப் பிள்ளைகள் 200 பேர் அல்லது அதற்கும் குறைவு என்றால் எல்லாத் தரமும் பார்க்கப்படும். இதற்குக் காசு இல்லை. பொறுப்பான ஓர் அலுவலகம் பின்னால் இருக்கிறது. வேறு எந்த யோசனைக்கும் இந்த இரண்டாவது வசதி கிடையாது.

அங்கே உயரத்தையும் நிறையையும் வைத்து உடற்திணிவுச் சுட்டி கணிக்கிறார்கள். கிலோக் கணக்கில் நிறையை, மீற்றர்க் கணக்கில் உயரத்தால் இரண்டு தரம் வகுத்தால் வரும் எண்தான் அது. பெரியவர்களுக்கு 25இல் மிகைநிறை, 30இல் உடற்பருமன் என்று நிலையான கோடு உண்டு; ஆசியர்களுக்கு ஆபத்து 23இலேயே தொடங்குகிறது என்று 2004இல் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு சொன்னது. பிள்ளைகளுக்கு இந்தக் கோடுகள் எதுவும் பொருந்தாது. வளர்கிற உடம்புக்கு வயதுக்கும் பாலுக்கும் ஏற்ற அட்டவணை வேண்டும். 5 முதல் 19 வயதுவரை உலக சுகாதார நிறுவனம் 2007இல் வெளியிட்ட அட்டவணையின்படி, பத்து வயது ஆண்பிள்ளைக்குச் சுட்டி 18.5ஐத் தாண்டினால் மிகைநிறை, 21.4ஐத் தாண்டினால் உடற்பருமன். அதே வயதுப் பெண்பிள்ளைக்கு 19, 22.6. கீழ்ப்பக்கம் ஆண்பிள்ளைக்கு 13.7, பெண்பிள்ளைக்கு 13.5இலும் குறைந்தால் மெலிவு.

பெற்றோர் கைபேசியில் ஏதாவது ஒரு செயலியில் நிறையைப் போட்டுப் பார்த்துவிட்டு, 22தான் காட்டுகிறது, பச்சை நிறத்தில் இருக்கிறது என்று நிம்மதியாகி விடுகிறார்கள். பத்து வயதுப் பையனுக்கு 22 என்றால் அது உடற்பருமன். செயலி காட்டியது பெரியவர்களுக்கான கோடு.

சரி, அரசாங்கப் பரிசோதனை போதுமா? அதன் ஓட்டை 4க்கும் 7க்கும் நடுவில் இருக்கிறது. 4ஆம் தரத்தில் ஒல்லியாக இருந்த பிள்ளையை 5ஆம் தரப் புலமைப்பரிசில் பரீட்சைக்கென்று ஒன்றரை வருடம் கதிரையில் இருத்துகிறோம். பாடசாலை விட்டால் ரியூசன், ரியூசன் விட்டால் வினாத்தாள். இடையில் பசிக்காமல் இருக்க ஒரு பணிஸும் பக்கற் ஜூஸும். சனி, ஞாயிறும் வகுப்பு. பத்து வயதை ஒட்டி, குறிப்பாகப் பெண்பிள்ளைகளுக்கு, பருவமாற்றம் தொடங்கும் காலமும் இதுதான். நிறை ஏறுவதற்கு இதைவிட வசதியான காலம் இல்லை. அடுத்த அளவீடு 7ஆம் தரத்தில் வரும்போது பழக்கம் ஊறிப்போயிருக்கும். அதனால் புலமைப்பரிசில் முடிந்து 6ஆம் தரத்துக்குப் புதிய பாடசாலையில் சேரும்போது ஒரு அளவீட்டைச் சேர்த்தால் போதும் என்பது என் எண்ணம். எல்லாத் தரத்தையும் ஒவ்வொரு தவணையும் நிறுக்கத் தேவையில்லை. இங்கிலாந்தின் தேசிய அளவீட்டுத் திட்டமே ஆரம்பப் பாடசாலையின் முதல் வருடத்திலும் கடைசி வருடத்திலும், அதாவது 4–5 வயதிலும் 10–11 வயதிலும் மட்டும்தான் அளக்கிறது.

அரசாங்கப் பரிசோதனையை நான் விரும்புவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. அது கொழுத்த பிள்ளையையும் மெலிந்த பிள்ளையையும் ஒரே வரிசையில் நிறுத்துகிறது. 2016இன் குடித்தொகை, சுகாதாரக் கணக்கெடுப்பின்படி இலங்கையில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்குப் 15 பேர் உயரத்துக்கேற்ற நிறையில்லாதவர்கள், 17 பேர் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள். திருக்கடலூரிலிருந்தோ சாம்பல்தீவிலிருந்தோ வரும் பிள்ளையும் உவர்மலையிலிருந்து வான் வண்டியில் வந்து இறங்கும் பிள்ளையும் ஒரே வாங்கில் இருக்கிறார்கள். ஒருவருக்குச் சாப்பாடு காணாது, மற்றவருக்குக் கூடிப்போகிறது. உடற்பருமன் முகாம் என்று பலகை எழுதிக் கட்டினால் முதலாவது பிள்ளை விடுபட்டுப்போகும், இரண்டாவது பிள்ளை வெட்கத்தில் அன்றைக்குப் பாடசாலைக்கே வராது. வளர்ச்சி அளவீடு என்று பெயர் வைத்தால் இரண்டு பேரும் வருவார்கள்.

இரத்தம் எடுக்கும் யோசனை

இதில்தான் பெற்றோருக்கு ஆசை அதிகம். இரத்தம் எடுத்தால்தான் பரிசோதனை என்று நமக்கு ஒரு நம்பிக்கை. லாப்காரர்களும் மொத்தமாக வந்தால் விலை குறைத்துத் தருவார்கள். ஆனால் நாலு யோசனைகளிலும் எனக்கு மிகவும் சந்தேகம் தருவது இதுதான்.

முதலாவது, வெறும் வயிறு. பாடசாலை காலை 7.30க்குத் தொடங்குகிறது. சாப்பிடாமல் வா என்று ஆயிரம் பிள்ளைகளிடம் சொன்னால் எத்தனை பிள்ளை பால் தேத்தண்ணி குடிக்காமல் வரும்? வந்த பிள்ளைகளில் எத்தனை வரிசையில் மயங்கி விழும்? வெறும் வயிறில்லாமல் எடுத்த சீனியின் அளவை வைத்துப் பெரும்பாலும் உறுதியாக எதுவும் சொல்ல முடியாது. அப்படியானால் மூன்று மாதச் சீனியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. பார்க்கலாமே என்பார்கள். அதற்குச் சாப்பாடு தடையில்லை, உண்மை. ஆனால் இரும்புச்சத்துக் குறைந்த பிள்ளைக்கும் தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோயைக் காவும் பிள்ளைக்கும் அந்த எண் தப்பாக வரக்கூடும். பாடசாலையில் கிழமைக்கு ஒரு இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கும் நாட்டில் இது சிறிய விஷயமில்லை.

இரண்டாவது, யாருக்கு எடுப்பது என்பதில் அமெரிக்க நிபுணர்களே ஒரு வழியில் இல்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் சங்கம் 2023இல் வெளியிட்ட வழிகாட்டி, பத்து வயது தாண்டிய, உடற்பருமன் உள்ள பிள்ளைக்குச் சீனி, கொலஸ்ட்ரோல், ஈரல் நொதி மூன்றும் பார்க்கச் சொல்கிறது. அதே நாட்டின் தடுப்புச் சேவைகளுக்கான நிபுணர் குழுவோ, அறிகுறியில்லாத பிள்ளைகளுக்குச் சீனியும் கொலஸ்ட்ரோலும் பார்ப்பதால் நன்மையா தீமையா என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்று 2022இலும் 2023இலும் எழுதியது. அமெரிக்க நீரிழிவுச் சங்கம் நடுவில் நிற்கிறது: நிறை கூடியிருந்து, கூடவே குடும்பத்தில் சீனி வருத்தம், தாய்க்குக் கர்ப்பகாலச் சீனி, கழுத்துக் கறுப்பு போன்ற ஒரு காரணமாவது இருந்தால், பத்து வயதிலிருந்து அல்லது பருவமாற்றம் அதற்கு முன்பே தொடங்கினால் அப்போதிருந்து பார்க்கலாம் என்கிறது. இவர்கள் எவருமே பாடசாலையில் உள்ள எல்லாப் பிள்ளைக்கும் ஊசி போட்டு நீரிழிவு தேடச் சொல்லவில்லை.

மூன்றாவதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். பருத்த பிள்ளைகளிலும் பெரும்பாலானவர்களுக்கு இந்த வயதில் சீனி சரியாகத்தான் இருக்கும். நோர்மல் என்று அச்சடித்த தாள் கையில் கிடைத்ததும் வீட்டில் என்ன நடக்கும்? பிள்ளைக்கு ஒன்றுமில்லை, லாப்பிலேயே சொல்லிவிட்டார்கள், இனி நிம்மதியாகச் சாப்பிடட்டும் என்று அம்மம்மா கொத்து ரொட்டிக்கு ஆள் அனுப்புவார். இடுப்பு அப்படியே இருக்கும், பயம் மட்டும் போயிருக்கும். காசு கொடுத்து வாங்கிய பொய்யான ஆறுதல் அது.

இதோடு ஒன்றையும் சொல்லிவிட வேண்டும், தலைப்புக்கு வெளியே என்றாலும். ஒல்லியான பிள்ளை திடீரென்று நிறையத் தண்ணீர் குடித்து, அடிக்கடி சலம் போய், கிழமைக்குக் கிழமை மெலிந்தால் அது முதலாம் வகை நீரிழிவாக இருக்கலாம். அதற்கு முகாமும் வேண்டாம், கூட்டமும் வேண்டாம். அன்றைக்கே வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும்.

எதைக் கொண்டு அளப்பது

பெற்றோரின் கண்ணை நம்ப முடியாது. நம் ஊரில் கொழுகொழு என்றிருந்தால்தான் வளர்த்தியான பிள்ளை. வளர்கிற வயது, பிறகு வற்றிப்போகும் என்பார்கள். நிறையைப் பற்றி வெளியாள் வாய் திறந்தால் நாவூறு பட்டுவிடும் என்று மிளகாய் சுற்றிப் போடுவார்கள். அதனால் கருவி வேண்டும்.

சுட்டி எண் நல்ல தொடக்கம்தான், ஆனால் நமக்கு அது கொஞ்சம் தாராளமாகவே இருக்கிறது. ஒரே சுட்டியில் ஐரோப்பியப் பிள்ளையைவிடத் தெற்காசியப் பிள்ளையின் உடம்பில் கொழுப்புக் கூட, தசை குறைவு. கையும் காலும் மெல்லிதாக, வயிறு மட்டும் முன்னால் தள்ளிய பிள்ளைகளை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். பிறப்பு நிறை குறைந்து, பிறகு வேகமாகக் கொழுத்த பிள்ளைகளுக்குப் பின்னாளில் சீனி வரும் வாய்ப்பும் கூட. இந்த மாதிரிப் பிள்ளை சுட்டியில் தப்பிவிடும், இடுப்பில் தப்பாது.

இடுப்புக்கு ஒரு சுலபமான வழி இருக்கிறது. பிள்ளையின் உயரத்துக்கு ஒரு நூலை வெட்டி, பாதியாக மடித்து, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் சுற்றிப் பாருங்கள். இரண்டு முனையும் தொட்டால் சரி, தொடாவிட்டால் கவனிக்க வேண்டும். 140 சென்ரிமீற்றர் பிள்ளைக்கு இடுப்பு 70க்குள் இருக்க வேண்டும் என்பதுதான் இதன் கணக்கு. இங்கிலாந்தின் மருத்துவ வழிகாட்டி நிறுவனம் 2022இலிருந்து ஐந்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கும் இந்த அளவைச் சேர்த்திருக்கிறது. ஆனால் இதைப் பாடசாலையில் செய்யச் சொல்லமாட்டேன். 7ஆம் தரப் பெண்பிள்ளையின் இடுப்பில் யாரோ நாடா சுற்றுவதை எந்தத் தாய் ஒப்புக்கொள்வாள்? வீட்டில் தாயே செய்யட்டும்.

கொழுப்புச் சதவீதம் காட்டும் மின்சாரத் தராசு, தோல் மடிப்பைக் கிள்ளி அளக்கும் கருவி இரண்டும் இந்த வேலைக்கு வேண்டாம். முதலாவது தண்ணீர் குடித்தாலே மாறும், இரண்டாவது பிடிக்கிற கையைப் பொறுத்தது.

இதைவிட முக்கியம் ஒழுங்காக அளப்பது. 34 கிலோ நிறை, 135 சென்ரிமீற்றர் உயரம் உள்ள பத்து வயதுப் பையனின் சுட்டி 18.7, மிகைநிறைக் கோட்டுக்கு மேலே. அவனையே சப்பாத்தோடு நிறுத்தி 137 என்று எழுதினால் 18.1, கோட்டுக்குக் கீழே. சுவரில் ஒட்டிய காகித நாடாவும் சமதரை இல்லாத மண்டபமும் இருந்தால் பிள்ளைகள் இப்படித்தான் கோட்டுக்கு மேலும் கீழும் போய்வருவார்கள். சங்கத்தின் பணத்தில் முதலில் வாங்க வேண்டியது இரண்டே பொருள்: ஒரு நல்ல டிஜிட்டல் தராசு, தலையில் பலகை இறங்கும் ஓர் உயரமானி. அவற்றை எம்.ஓ.எச். ஆட்கள் வரும்போதும் பாவிக்கலாம்.

குருதி அழுத்தத்தையும் பாடசாலை வரிசையில் பார்க்க வேண்டாம். பிள்ளையின் கைக்குச் சின்னதான பட்டியைக் கட்டினால் எண் கூடிக் காட்டும். பயந்த பிள்ளைக்கும் கூடும். உயர் அழுத்தம் என்று சொல்வதற்கு வெவ்வேறு நாட்களில் மூன்று தடவையாவது பார்க்க வேண்டும். கிளினிக்கில் அமைதியாக இருத்திப் பார்க்கும் காரியம் அது.

தவணைக்கு ஒரு அறிக்கை

உடற்கல்வி ஆசிரியர் நிறுத்து வீட்டுக்குக் கடிதம் அனுப்புவது கேட்க நன்றாக இருக்கிறது. செய்து பார்த்தவர்களும் இருக்கிறார்கள். கலிபோர்னியாவில் 79 பாடசாலைகளில் ஏறக்குறைய 28,000 பிள்ளைகளை வைத்து நடந்த ஆய்வின் முடிவு 2021இல் வந்தது. நிறை அறிக்கை வீட்டுக்குப் போன பிள்ளைகளுக்கும் போகாத பிள்ளைகளுக்கும் நிறையில் வித்தியாசம் இல்லை. பாடசாலையில் நிறுக்கப்பட்ட பிள்ளைகளுக்குத் தங்கள் உடம்பின்மேல் அதிருப்தி கொஞ்சம் கூடியதுதான் மிச்சம்.

சிங்கப்பூர் இதைவிடக் கடுமையாகப் போனது. 1992இல் தொடங்கிய திட்டத்தில் பருத்த பிள்ளைகளைத் தனியாகப் பிரித்து, இடைவேளையில் மற்றவர்கள் சாப்பிட இவர்களை ஓடவிட்டார்கள். நிறை கூடியவர்களின் வீதம் குறையத்தான் செய்தது. ஆனால் பிள்ளைகள் கேலிக்கு ஆளானார்கள். 2007இல் அந்தத் திட்டத்தை நிறுத்தி, எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவான ஒன்றைக் கொண்டுவந்தார்கள். அவ்வளவு ஒழுங்கும் பணமும் உள்ள ஊரிலேயே அப்படியென்றால், வகுப்புக்கு நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஓர் உடற்கல்வி ஆசிரியர் தனியாக என்ன செய்வார்? ஒருவர் தராசைப் பார்த்து 'ஐம்பத்தெட்டு' என்று கத்த, இன்னொருவர் கொப்பியில் எழுத, பின்னால் நிற்கும் இருபது பேரும் கேட்டுக்கொண்டிருப்பார்கள். அன்றைக்கு மதியத்துக்குள் அந்தப் பிள்ளைக்குக் குண்டன் என்ற பெயர் நிலைத்துவிடும்.

என்றாலும் இந்த யோசனையை முழுக்கத் தள்ளிவிடவில்லை. ஆசிரியரை அளவீட்டுக்கு உதவியாக வைத்துக்கொள்ளலாம், ஒரு தரத்துக்கு மட்டும், சில நிபந்தனைகளோடு. பெண்பிள்ளைகளை ஒரு பெண் ரீச்சர் அளக்க வேண்டும். கிண்ணியா, மூதூர்ப் பாடசாலைகளில் இதில்லாமல் பெற்றோர் சம்மதமே கிடைக்காது. திரைக்குப் பின்னால் ஒவ்வொருவராக வர வேண்டும். எண்ணை வாய்விட்டுச் சொல்லாமல் எழுத வேண்டும். கடிதம் எல்லாப் பிள்ளைக்கும் ஒட்டிய உறையில் போக வேண்டும், நிறை சரியாக உள்ள பிள்ளைக்கும்கூட. அப்போதுதான் உறையைக் கண்டு யார் யாரென்று தெரியாது.

அளந்த பிறகு

அமெரிக்கத் தடுப்புக் குழுவின் 2024 பரிந்துரையில் ஓர் எண் இருக்கிறது: 26 மணித்தியாலம். நிறை மிகக் கூடிய, ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்குப் பலன் தெரிய வேண்டுமென்றால், குடும்பத்தையும் சேர்த்து ஒரு வருடத்தில் குறைந்தது இவ்வளவு நேரம் ஆலோசனை, சமையல், உடற்பயிற்சி என்று கூட இருந்து பழக்க வேண்டும். கிழமைக்கு அரை மணி. பத்து நிமிடம் கிளினிக்கில் இருத்தி எண்ணெய்ச் சாப்பாட்டைக் குறை என்று சொல்லி அனுப்புவதெல்லாம் இந்தக் கணக்கில் வராது.

திருகோணமலையில் இதை யார் கொடுப்பார்கள்? நகரத்துப் பிள்ளைக்கு மாவட்டப் பொது வைத்தியசாலை பக்கத்தில். கிண்ணியா, மூதூர், கந்தளாய்க்குத் தங்கள் ஆதார வைத்தியசாலைகள் உண்டு. 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்ததிலிருந்து மிதவைப் பாதைக்குக் காத்திருக்கும் காலமும் போய்விட்டது. ஆனால் வெருகல் பக்கத்திலிருந்து கிழமைக்கிழமை பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வரும் தாய்க்கு ஒருநாள் கூலி போய்விடும். அதனால் கிளினிக்குக்கு அனுப்பும் பிள்ளைகளின் எண்ணிக்கை சிறிதாக, உண்மையில் தேவைப்படுகிறவர்களாக இருக்க வேண்டும். அதற்குத்தான் இரண்டாம் படி.

அளவீட்டில் மேலே நிற்கும் பிள்ளையின் தாயிடம் தனியாகச் சில கேள்விகள். தாய், தகப்பன், அவர்களின் பெற்றாரில் யாருக்காவது சீனியோ இளவயதில் மாரடைப்போ உண்டா? இந்தப் பிள்ளையைச் சுமந்தபோது தாய்க்குச் சீனி இருந்ததா? பிறப்பு நிறை என்ன? குழந்தை பிறந்தபோது கொடுத்த ஆரோக்கியப் பதிவேட்டைப் பெரும்பாலான தாய்மார் அலுமாரியில் பத்திரமாக வைத்திருப்பார்கள், அதில் இருக்கும். இரவில் குறட்டை விட்டு மூச்சு முட்டுகிறதா? முழங்கால், இடுப்பு நோகிறதா? பெரியபிள்ளையானவள் என்றால் மாதவிடாய் ஒழுங்கா? அப்புறம் கழுத்தின் பின்பக்கத்தைப் பார்க்க வேண்டும். அங்கே வெல்வெட் மாதிரித் தடித்த கறுப்பு இருந்தால் அது ஊத்தை இல்லை. தேசிக்காயும் பயற்றம்மாவும் போட்டு எத்தனை தேய்த்தாலும் போகாது. உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதன் அடையாளம் அது. ஊசியில்லாமல் கண்ணாலேயே பார்க்கக்கூடியது.

இவற்றில் ஏதாவது இருந்தால் கிளினிக்குக் கடிதம். இரத்தம் பார்ப்பதா, பார்த்தால் எதைப் பார்ப்பது என்று வைத்தியர் தீர்மானிக்கட்டும். தைரொயிட்டா என்று பெற்றோர் எல்லோரும் கேட்பார்கள். பருத்த பிள்ளை வயதுக்கேற்ற உயரத்தோடு அல்லது அதற்கும் மேலாக வளர்ந்துகொண்டிருந்தால் பெரும்பாலும் இல்லை. பருத்து, அதே நேரம் உயரம் நின்றுபோன பிள்ளைக்குத்தான் சுரப்பிகளைத் தேட வேண்டும். இதைக் கண்டுபிடிக்க உதவுவதும் பழைய உயர அளவுகள்தான், எனவே 1ஆம் தரத்திலிருந்து எழுதியவற்றைத் தொலைக்காமல் வைத்திருப்பது நல்லது.

ஒன்றும் இல்லாமல் நிறை மட்டும் கூடிய பிள்ளையைக் கிளினிக்குக்கு இழுக்க வேண்டாம். அந்தப் பிள்ளைக்கு வேண்டியது கூட்டத்தில் நாலாவதாகப் பேசிய அம்மா சொன்னது.

கன்ரீன்

இங்கேதான் மிச்சப் பணம் முழுவதும் போக வேண்டும் என்று நினைக்கிறேன். கன்ரீனில் எதை விற்கலாம், எதை விற்கக்கூடாது என்று கல்வி அமைச்சின் சுற்றறிக்கை இருக்கிறது. அது ஏன் நடைமுறைக்கு வருவதில்லை? பல பாடசாலைகளில் கன்ரீன் ரெண்டருக்கு விடப்படுகிறது. கூட வாடகை கேட்டவருக்குக் கிடைக்கிறது. கூட வாடகை கொடுத்தவர் அதைப் பிள்ளைகளிடமிருந்துதான் எடுக்க வேண்டும். அவித்த கடலையிலும் இலைக்கஞ்சியிலும் அந்த இலாபம் வராது. ரோல்ஸிலும் பற்றிஸிலும் நிறமூட்டிய பாகிலும் வரும். பாடசாலையின் வரும்படிக்கும் பிள்ளையின் இடுப்புக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. பழைய மாணவர் சங்கம் அந்த வாடகையில் ஒரு பங்கைத் தானே பாடசாலைக்குக் கட்டிவிட்டு, அதற்குப் பதிலாக விற்கும் பொருட்களின் பட்டியலை ஒப்பந்தத்தில் எழுதி வாங்கலாம். எனக்குத் தெரிந்த மட்டில் ஒரு இரத்த முகாமைவிட இது நீண்டகாலம் நிற்கும்.

பட்டியல் போடுவதும் கடினமில்லை. 2016 ஓகஸ்ட் முதல் இலங்கையில் இனிப்புப் பானப் போத்தல்களில் நிற அடையாளம் கட்டாயம்: 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி என்றால் சிவப்பு, 2 முதல் 11 வரை செம்மஞ்சள், 2க்குக் கீழே பச்சை. சிவப்புப் போத்தல் 400 மில்லிலீற்றர் குடித்தால் 44 கிராமுக்கு மேல், ஏறக்குறையப் பதினொரு தேக்கரண்டி சீனி. பச்சை மட்டும் உள்ளே வரலாம் என்று ஒரு வரி எழுதினால் கன்ரீன்காரருக்கும் விளங்கும், மேற்பார்வை பார்க்கும் மாணவத் தலைவருக்கும் விளங்கும். படலைக்கு வெளியே ஐஸ்பழமும் மிக்ஸரும் விற்கும் வண்டி இருக்கும்வரை இது அரைக் காரியம்தான். அந்த வியாபாரியைத் துரத்துவதைவிட, கச்சானும் வெட்டிய மாங்காயும் கொய்யாவும் கொண்டுவரச் சொல்லிப் பேசிப் பார்க்கலாம். அவருக்கும் பிழைப்பு வேண்டுமே.

விளையாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. உலக சுகாதார நிறுவனம் 5 முதல் 17 வயதுவரை நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிடம் உடல் உழைப்புக் கேட்கிறது. பையன்கள் பின்னேரம் டச்சு வளைகுடாக் கடற்கரையில் பந்தோடு இதை முடித்துவிடுவார்கள், ரியூசன் விட்டால். பெண்பிள்ளைகளுக்கு அந்த இடம் கிடைப்பதில்லை. கச்சான் என்ற சூடான காற்று அடிக்கும் மாதங்களில் மதிய வெயிலில் மைதானத்தில் விடவும் முடியாது. ஆகவே உடற்கல்விப் பாடவேளையைப் பரீட்சைக் காலத்தில் கணிதத்துக்குக் கடன் கொடுப்பதை நிறுத்துவதும், காலை முதற் பாடவேளைகளில் ஒன்றை அதற்கு ஒதுக்குவதும் அதிபர் தனியாகவே செய்யக்கூடிய காரியம்.

நிலாவெளிக்கும் குச்சவெளிக்கும் அப்பால், அல்லது ஈச்சிலம்பற்றுப் பக்கம் உள்ள சிறிய பாடசாலையின் சங்கம் இதை வாசித்தால், உங்களுக்கு இந்தத் தலையிடியில் பாதி இல்லை. 200 பேருக்கு மேற்படாத பாடசாலை என்றால் எல்லாத் தரமும் எம்.ஓ.எச். பரிசோதனைக்குள் வருகிறது, தனியாக 6ஆம் தர அளவீடு தேவையில்லை. வருடத் தொடக்கத்தில் அலுவலகத்துக்குக் கடிதம் கொடுத்துத் திகதி வாங்கி, அன்றைக்குத் தாய்மாரையும் வரச்சொல்லி, பதிவேட்டையும் கையோடு கொண்டுவரச் செய்தால் இரண்டு படியும் ஒரே காலையில் முடிந்துவிடும்.